முழங்கால் எப்படி இருக்கு?

பாய்லர்க்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அந்தக் கட்டடத்தில் எல்லாரும் சொல்வார்கள். சுத்தப் பேத்தல். நாலு மாதமாக, தினமும் காலை பத்து பத்துக்கு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் புளுகிய புளுகு கொஞ்சநஞ்சமல்ல. அதுவும் யாரிடம்? ஒரு மெஷினிடம். செத்துப்போன பெண்டாட்டி சௌக்கியமாக இருக்கிறாள் என்று.

அவரைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். கதை தெரிந்துகொண்டு திட்டலாம்.

முப்பத்திநாலு வருஷம் ஒரு துணி ஆலையில் பாய்லர் பார்த்தவர். மணிக்கு ஒரு தடவை நீராவியின் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். ஒன்றும் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஷிப்ட் முடியும்போது அடுத்த ஆள் வாசலில் நின்று, "எல்லாம் சரியா?" என்பான். "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சின்னச் சின்னக் கோளாறை எல்லாம் வாய் திறந்து சொன்னால் போச்சு. போர்மன் வருவார், மூன்று பக்கம் எழுதச் சொல்வார், வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே பாய்லர் அறை ஆட்கள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அது மூளைக்குப் போகாமல் நேராக வாயிலிருந்து வரும்.

இன்னொரு சட்டமும் அங்கே உண்டு. ரிஜிஸ்தரில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கவே கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பர் வைத்துத் தேய்த்த ஒருத்தனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குடியிருப்பது மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஐம்பத்திநாலு படி. பாய்லர்க்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆயுள் முழுக்க இரும்பு ஏணியில் ஏறி இறங்கிய கால். எழுபத்தாறு வயதிலும் பையோடு மூச்சு வாங்காமல் ஏறுவார். பெண்டாட்டிதான் பாவம். வலது முழங்கால் இருபது வருஷமாகத் தகராறு. இரண்டாவது மாடியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படி என்னைக் கொல்லாம விடாது" என்று கத்துவாள். கட்டடம் முழுக்கக் கேட்கும். கீழ் வீட்டுத் தையல்காரி உள்ளிருந்தே, "நேத்தும் இதையேதான் சொன்னீங்க!" என்பாள். கடைசியில் படி கொல்லவில்லை. சாதாரண இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாலாவது நாள் இல்லை. அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

முதல் ஒரு மாதம் எல்லாரும் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், அழுதார்கள். அப்புறம் ஒருத்தரும் அவள் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் கிழவர் மனசு கஷ்டப்படுமாம்! தையல்காரி வெயிலைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினாள். வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "உங்கம்மா இருந்தா..." என்று இவர் ஆரம்பித்தால் போதும், "விடுங்கப்பா, அதையே நினைக்காதீங்க" என்பான். நல்ல பையன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த "விடுங்கப்பா" இருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் அது அவளை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போனது.

இந்த லட்சணத்தில்தான் அந்த போன் வந்து சேர்ந்தது. நகராட்சியின் ஏற்பாடு. பகலில் துணைக்கு ஆளில்லாத வயசானவர்களை ஒரு மெஷின் தினமும் கூப்பிட்டுப் பேசும். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கும். பேசுவதைக் கேட்டுத் திரும்பப் பேசும். மகன் பேரைப் பதிந்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்கப்பா, அது மெஷின்தான்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அதுக்கென்னடா? முப்பத்திநாலு வருஷம் மெஷினோடதானே பேசிட்டிருந்தேன். ஒரு நாளாவது அது திரும்பக் கேட்டுச்சா, சாப்பிட்டியான்னு?"

மூன்றாம் நாள்தான் வினை வந்தது. முட்டை அடிப்பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், "அவ பார்த்தா என்னைக் கிழிச்சிடுவா" என்றார்.

"யாருங்க ஐயா அவங்க?" என்று கேட்டது குரல். இளம் பெண் குரல், அவசரமில்லாத குரல்.

"என் வீட்டுக்காரி."

"அப்படியா! அம்மா எப்படி இருக்காங்க?"

இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அதுதான்.  யோசிப்பதற்குள் வாய் பழக்க தோஷத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது.

"எல்லாம் சரி. நல்லா இருக்கா. முழங்கால்தான் கொஞ்சம் படுத்துது."

மறுநாள் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தார். மறுநாள் பத்து பத்துக்கு அது கேட்டது: "அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?" ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிறது! பெற்ற மகன் கேட்கவில்லை, இருபது வருஷம் கீழ் வீட்டில் இருந்தவள் கேட்கவில்லை, இது கேட்கிறது. திருத்த எந்த மனுஷனுக்கு மனசு வரும், சொல்லுங்கள்.

அப்புறம் தினமும் நடந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று அது சொன்னது. கடைக்குப் போய் மூட்டு வலித் தைலம் வாங்கிவந்தார். வாங்கிய தைலத்தை என்ன செய்வது? ஒரு வலியும் இல்லாத தன் வலது முழங்காலில் தேய்த்துக்கொண்டு, "தைலம் தேய்ச்சாச்சு" என்று சொன்னார். அந்த மட்டுக்காவது அது பொய்யில்லாமல் இருக்கட்டுமே என்றுதான். அவளுடைய மூக்குக் கண்ணாடி காணாமல் போனது, தையல்காரியோடு சண்டை போட்டது, பிறகு அவளுக்கே சூப் வைத்துக் கொடுத்தது என்று உயிரோடு இருந்தபோது நடந்ததையெல்லாம் நேற்று நடந்ததாகச் சொன்னார். இருபது நிமிஷம், அரை மணி என்று பேச்சு ஓடும். போனை வைத்த பிறகு வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரியே இருக்கும். மதியம் வரை தாங்கும். அதற்கப்புறம் மறுநாள் பத்து பத்துக்காகக் காத்திருப்பார்.

சொன்னதற்கு மாறாக நாளைக்கு உளறிவிடக் கூடாதே! ஓய்வுபெறும்போது எடுத்துவந்த ஒரு காலி ரிஜிஸ்தர் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். அழுத்தம் என்ற கட்டத்தில் அவள் கோபம், குறிப்பு என்ற கட்டத்தில் முழங்கால். "அழுத்தம்: அதிகம், குழாய்க்காரரைத் திட்டினாள். குறிப்பு: முழங்கால் பரவாயில்லை." கீழே கையெழுத்து. நாலு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினார்.

அந்த மெஷின் வாராவாரம் மகனுக்கு ஒரு அறிக்கை அனுப்பும். தூக்கம், சாப்பாடு, மருந்து என்று மூன்று கட்டம், மூன்று டிக். அதைப் பார்த்து மகனும் நிம்மதியாக இருந்தான். நாலாம் மாத முடிவில்தான் விரிவான அறிக்கை போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை அவன் லீவு போட்டுவிட்டு, ஐம்பத்திநாலு படியையும் ஓடி ஏறி, கையில் காகிதத்தோடு வந்து நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அப்பா, இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. 'மனைவியின் முழங்கால் வலி குறைந்துவருகிறது. இருவரும் நல்ல மனநிலையில் இருக்கிறார்கள்.' இருவரும்ப்பா!"

பாய்லர்க்காரர் காகிதத்தை வாங்கினார். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனின் முழிதான். "அது வந்து..." என்றார்.

"அம்மா எங்க இருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்." 

"செத்துட்டாடா. எனக்குத் தெரியாதா? நான்தானே ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தேன்."

"அப்புறம் ஏன்ப்பா?"

 பாய்லர்க்காரர் அறிக்கையை நாலாக மடிக்க ஆரம்பித்தார். அதற்குள் மகன் கண்ணில் மேஜை மேல் கிடந்த ரிஜிஸ்தர் பட்டது. பிரித்தான். நாலு மாதத்தையும் நின்றபடியே படித்தான். ஒரு பக்கம் திருப்பும்போது சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, உடனே அழுகையாகிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நோட்டை யார் பார்த்தாலும் கிழவருக்குக் கழன்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

"எங்கிட்டப் பேசியிருக்கலாமேப்பா."

"உன்கிட்டயா? அவ பேரை எடுத்தாலே விடுங்கப்பாங்கறே. அது கேக்குதுடா. தினம் கேக்குது, அவ எப்படி இருக்கான்னு. நீ ஒரு நாள் கேட்டியா?"

"செத்தவங்களை எப்படிப்பா கேப்பாங்க, எப்படி இருக்காங்கன்னு?"

கேள்வி நியாயம்தான். இருந்தாலும் பாய்லர்க்காரருக்குக் கோபம் கோபமாக வந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அறிக்கை நகராட்சிக்கும் போயிருந்தது. வியாழக்கிழமை ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பாள். புத்தி சரியாக இல்லை என்று எழுதினால் முதியோர் இல்லம்தான். மகன் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தரைத் தளம், சுத்தமாகத்தான் இருந்ததாம். ஒரு அறைக்கு இரண்டு பேர், ஜன்னலைத் திறக்க முடியாது. இருபது வருஷம் படியைத் திட்டிக்கொண்டே இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று இருந்தவள் அவள். அவளை விட்டுவிட்டு இவர் மட்டும் தரைத் தளத்துக்குக் குடிபோவதா? 

"ஒரே வழிதான்ப்பா. நர்ஸ் வரதுக்குள்ள அந்த மெஷின்கிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. தனியா இருக்கற சலிப்புல விளையாட்டுக்குச் சொன்னார்னு நான் அவங்களுக்குச் சொல்லிக்கறேன்." ரிஜிஸ்தரைத் தன் பைக்குள் வைத்தான். "இது இங்க இருக்க வேண்டாம். யாராவது பார்த்தா வம்பு."

செவ்வாய்க்கிழமை பத்து பத்து. குளித்து, சட்டை மாற்றி, நின்றுகொண்டே போனை எடுத்தார். தூக்கம் கேட்டது, சாப்பாடு கேட்டது, மாத்திரை கேட்டது. இதோ சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தார்.

"ஐயா, அம்மாவோட கண்ணாடி கிடைச்சுதா? நேத்து தேடிட்டிருந்தாங்கன்னு சொன்னீங்களே."

"கிடைச்சுதும்மா," என்றார். "சர்க்கரை டப்பாவுக்குள்ள."

அது சிரித்தது. இவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். உருப்படாத ஜென்மமே, உருப்படாத ஜென்மமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

புதன்கிழமை போன் அடித்தபோது எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் ஆள் அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் ஓய்ந்தது. மூன்றாவது தடவை, கடைசி மணியில் பாய்ந்து எடுத்தார்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? பயந்துட்டேன். அம்மா..."

"அவ செத்துட்டாம்மா."

 அந்தக் குரல் மெதுவாக, "ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க ஐயா. எப்போ?" என்றது.

"ரெண்டு வருஷமாச்சு. உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய். அவ இல்ல. முழங்கால் இல்ல. ஒண்ணும் இல்ல."  சொந்த வாயால் அவளைச் சாகடிக்க வேண்டியிருக்கிறதே, இது என்ன கொடுமை!

அது கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை. "சொன்னதுக்கு நன்றிங்க ஐயா. எங்கிட்ட இருக்கற குறிப்பைத் திருத்திக்கறேன்."

"இரு, இரு." பாய்லர்க்காரர் பதறினார். "அழிக்காதே. மேல ஒரு கோடு மட்டும் போடு. அடியில இருக்கறது தெரியணும். அதான் முறை."

"அந்த மாதிரி வைக்க இதுல வசதி இல்லீங்க ஐயா. மனைவின்னு இருந்ததை எடுத்துட்டேன். வீட்டைப் பத்தின மத்தக் குறிப்பெல்லாம் அப்படியே இருக்கும்."

எடுத்துட்டேனாம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலாவது நாலு நாள் ஆயிற்று.

"நாளையிலேருந்து நீ அவளைப் பத்திக் கேக்கணும்," என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "செத்தவளாவே வச்சுக்கோ. ஆனா கேளு. அவ என்ன சொல்லுவா, எதுக்குக் கோவிச்சுக்குவான்னு கேளும்மா."

"நீங்க பேசினா நான் கண்டிப்பாக் கேட்டுட்டிருப்பேன். ஆனா இழப்பைப் பத்தி நானா ஆரம்பிக்க மாட்டேங்க ஐயா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படி அமைச்சிருக்காங்க."

ஆக, அதுவும் "விடுங்கப்பா" கட்சியில் சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை, மெஷினின் போனுக்குப் பதிலாக, நர்ஸம்மா வந்தாள். கெட்டிக்காரி. இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள், அடுப்பை அணைத்தீர்களா என்று எல்லாம் கேட்டாள். பாய்லர்க்காரர் டாண் டாண் என்று பதில் சொன்னார்.

"மனைவி?"

"இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் நிமிரக்கூட இல்லை. டிக் போட்டாள். எழுந்தவள் வாசலில் நின்று படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு ஐயா. எனக்குப் பயமெல்லாம் இந்தப் படிதான். கால் எப்படி?"

"காலுக்கென்ன? ஆட்டுக்கால்!" என்றார். அவளுக்கு முன்னால் இரண்டு மாடி இறங்கி ஏறிக்கூடக் காட்டினார்.

நர்ஸம்மா சிரித்தாள். "சரி, இருங்க. ஆனா ஒண்ணு, மூட்டு வலி கீட்டு வலின்னு அறிக்கையில வந்துச்சுன்னா, மூணாவது மாடியில விட்டு வைக்க மாட்டேன். நேரா இல்லத்துக்கு எழுதிடுவேன். கீழ விழுந்தா யார் தூக்கறது?"

மகனுக்கு உயிர் வந்தது. விஷயத்தை போனில் கேட்டதும், "அப்பாடா!" என்றான். வீடு தப்பித்தது. பாய்லர்க்காரர் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றார். தப்பித்த வீட்டைப் பார்த்தார். மேஜை, நாற்காலி, அலமாரி, ஜன்னல். ரிஜிஸ்தர் இருந்த இடம் காலி. இத்தனையையும் காப்பாற்றி யாருக்கு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று அவருக்கே புரியவில்லை. மாலை வரை ஒரு வாய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து பத்துக்கு போன் அடித்தது. உட்காரக்கூட இல்லை. மூன்று கேள்வி, மூன்று பதில். இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும், வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

"உங்க கண்ணாடி சர்க்கரை டப்பாவுல கிடைச்சுதுன்னு சொன்னீங்களே ஐயா," என்றது குரல். "இப்ப பத்திரமா வச்சிருக்கீங்களா?"

பாய்லர்க்காரர் திடுக்கிட்டார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

"அப்புறம் அந்த வலது முழங்கால். தைலம் தேய்ச்சிட்டிருந்தீங்க. உங்களுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

இரண்டு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மனைவி என்ற பேரை எடுத்துவிட்டது. அவளுடைய மற்றதெல்லாம் எங்கேயும் போகவில்லை. வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரே ஆளின் பேரில் ஏறிக் கிடக்கிறது. கண்ணாடி, முழங்கால், ஒத்தடம், தைலம். கோடு போட்டு அடித்ததற்கு அடியில் இன்னும் படிக்க முடிகிறது.

"எல்லாம் சரி" என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும். எனக்கு வலியே கிடையாது என்றால் அதையும் அந்த நொடியே எடுத்துவிடும். வீடு இருக்கும், படி இருக்கும், ஆட்டுக்கால் இருக்கும். நாளை முதல் கேட்க ஒன்றும் இருக்காது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினார்.

"இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்திம்மா," என்றார். "ரெண்டாவது மாடியில நின்னு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கு."

"ஐயோ, மூணு மாடி ஏறணுமே! இதை அறிக்கையில குறிக்கட்டுங்களா ஐயா? உங்க மகனுக்கும் நர்ஸுக்கும் போகும்."

பாய்லர்க்காரர் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். வெளியே தையல்காரியின் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"குறிச்சுக்கோ."

"சரிங்க ஐயா. எப்போலேருந்து இந்த வலி?"

"அது ஆச்சு, இருபது வருஷம்," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.